ஆறாம் கிழமைத் தண்டு

மனிதனுக்கு லிக்னின் கிடையாது என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அதற்கு முன் நாற்பத்தாறு வருடங்கள் அந்தக் குறையோடுதான் நடமாடியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

"புல்லுத் தண்டு நிமிர்ந்து நிக்குதில்லையா, அதுக்குக் காரணம் அதுதாங்க," என்றார். "இளசுல கொஞ்சமா இருக்கும். முத்த முத்தக் கூடிக்கிட்டே போகும். அப்புறம் மாட்டு வயித்தால அத ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப நாங்கள் எதாலை நிக்கிறம், மிஸ்?"

"எலும்புன்னு சொல்றாங்க." என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாருக்கும் இருக்காம்."

எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இரசாயனம் படித்து, நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு வருட ஒப்பந்தத்தில் மன்னாருக்கு வந்தவர். கந்தோர் என்கிற எங்கள் அலுவலகம் நகரத்தின் ஓரத்தில் இரண்டு அறை. ஒன்றில் நானும் கோப்புகளும். மற்றதில் அவரும் சல்பூரிக்கமிலமும். உப்பு மண்ணில் மாட்டுப் புல் வளர்த்துப் பார்க்கிற திட்டம் அது. புல் என்றால் அறுகம்புல் இல்லை. ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளரும், பார்த்தால் கரும்பின் ஏழைத் தம்பி. அதை நட்டு எத்தனையாம் கிழமையில், அதாவது எத்தனை வாரத்தில், வெட்டினால் மாடு மிச்சம் விடாமல் தின்னும் என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. அவர் கண்டுபிடித்ததைத் தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்புவது என்னுடைய வேலை. மற்ற நேரத்தில் புத்தகம் படித்தேன். மற்ற நேரம் நிறைய இருந்தது.

தண்டைக் காயவைத்து, மாவாக அரைத்து, அமிலத்தில் போட்டால் ஏனையவை கரைந்துவிடும். கரையாமல் அடியில் மிஞ்சும் கறுப்புத் தூள்தான் லிக்னின் என்று கணக்கு. அந்தத் தூளை ஒரு பீங்கான் கிண்ணத்தில் உலர்த்தி, ஆறவிட்டு, நிறுக்கவேண்டும். பிறகு திரும்பவும் உலர்த்தி, ஆறவிட்டு, நிறுக்கவேண்டும். இரண்டு நிறையும் ஒன்றாக வரும்வரை விடக்கூடாது. இது எல்லா ஆய்வுகூடங்களுக்கும் உள்ள விதி. ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள், எனக்குத் தெரிய, அவர்தான்.

மீன் சந்தையில், "இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்பார். ஓம் என்று பதில் வரும். வாங்கமாட்டார். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே பெண்ணிடம், அதே மீனைக் காட்டி, அதையே முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அந்த மீன்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மிஸ், உது விடியக் காலமை ஒருக்காத்தான் செத்தது. நீங்கள் ரெண்டாந்தரம் கேட்டாப்போலை அது எழும்பி இன்னொருக்காச் சாகாது."

மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் பதில் ஒத்துவந்துவிட்டது என்று வாங்கினார்.

அவரைப் பெண் பார்க்க வந்த ஒருவரின் கதையும் உண்டு. முப்பது வயதில் நடந்ததாம். வந்தவரிடம், "குடிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் இல்லை என்றிருக்கிறார். சாப்பாடு முடிந்து, எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது மிஸ் மறுபடியும் கேட்டிருக்கிறார். எப்போதாவது என்றிருக்கிறார்.

"அவ்வளவுதானே மிஸ், பெரிய வித்தியாசமில்லையே," என்றேன்.

"இல்லதான். ஆனா சராசரி எடுக்க முடியலீங்க."

இந்தக் கதைகளெல்லாம் கிண்ணம் ஆறுகிற நேரத்தில் சொன்னவை. ஒரு கிண்ணம் ஆற அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணிக்கு என் அறைக்கு வந்து, தேத்தண்ணீர்க் கோப்பையோடு கோப்பு அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். உடுப்பில் அங்கங்கே அமிலம் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள். மன்னார்க் காற்றின் ஈரத்தில் நிறை அலைந்துகொண்டே இருக்கும். இரண்டாம் நிறை ஒத்துவராவிட்டால் இன்னொரு தடவை உலர்த்தல், இன்னொரு அரைமணி. நிறுக்கும்போது மின்விசிறியையும் நிற்பாட்டச் சொல்லுவார். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளுவேன், இதுவும் ஒத்துவரக்கூடாது என்று. என் அக்கா கனடாவில். கலியாணம் என்பது நான் யோசித்து முடிக்குமுன் தேதி கடந்த விஷயம். நான் வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்தவனும் நான், யார் என்று கேட்பவனும் நான்.

ஏன் எதையும் ஒரு தடவையில் நம்புவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. தராசுல ஒரு தடவதான் போடுவாங்க. முள்ளு நிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துருவாங்க. 'இன்னொரு தடவ நிறுங்க ஐயா'ன்னு அம்மா ஒரு நாள் கேட்டுட்டாங்க. நாலு நாளு வேல குடுக்கல."

"பிறகு?"

"பிறகு அம்மா கேக்கல. நான் கேக்குறேன்."

அவருக்கு மன்னாரில் ஒரே ஓர் ஆசை இருந்தது. அட்டவணை நன்றாக வந்து மேலிடத்துக்குப் பிடித்துவிட்டால் திட்டம் நீளும். நீண்டால் அவருடைய வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். வாடகை அறையில் இரண்டு பெட்டிகளில்தான் அவருடைய சீவியம் கிடந்தது. "நிரந்தரமாச்சுன்னா ஒரு அலுமாரி வாங்கிருவேன்," என்பார். எத்தனை தட்டு, எந்த மரம் என்றெல்லாம் சொல்லுவார். மனிதர்கள் வீடு பற்றிக் கனவு காண்பதைக் கேட்டிருக்கிறேன். அலுமாரி பற்றிக் கேட்டது அப்போதுதான்.

தலைமன்னார் வீதியோரம் வெறும் மணலில் எங்கள் புல் நின்றது. ஆறு கிழமை, எட்டு, பத்து என்று பதினாலு வரை வரிசை வரிசையாக. ஒருநாள் வேலியை முறித்துக்கொண்டு கழுதைகள் புகுந்துவிட்டன. மன்னாரில் கழுதைகளுக்கு எந்த வேலையும் இல்லை; அந்த வகையில் அவை என் சக ஊழியர்கள். ஆறாம் கிழமை வரிசையில் பாதியைத் தின்றுவிட்டு, பதினாலாம் கிழமையை முகர்ந்துகூடப் பார்க்காமல் போயிருந்தன. "ஆராய்ச்சி முடிஞ்சுது மிஸ். கழுதையள் அறிக்கை குடுத்திட்டுதுகள்," என்றேன்.

"ஒரு தடவதானே சாப்பிட்டுச்சு," என்றார். வேலியைக் கட்டச் சொன்னார்.

சிக்கல் வந்தது உலையில்தான். கறுப்புத் தூளை நிறுத்தபிறகு அதை உலையில் வைத்து எரிக்கவேண்டும். லிக்னின் எரிந்துபோகும். எரியாமல் மிஞ்சுகிற சாம்பலை நிறுத்துக் கழிக்கவேண்டும். அந்த வருடம் உலையின் கம்பிச்சுருள் கருகிப்போய், திருத்தக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து பெரியவர் தொலைபேசியில் வந்தார். புல்லில் சாம்பல் எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறதுதானே, அதைக் கழித்துவிட்டு இந்த மாதக் கடைசிக்குள் அட்டவணையை அனுப்புங்கள் என்றார். மிஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தைத் திறந்து இலக்கத்தை எடுத்தார். தன் கையால் நிறுக்காத ஒன்றை அவர் தாளில் எழுதியது எனக்குத் தெரிய அந்த ஒரு தடவைதான்.

அட்டவணை வந்த விதம் அவருக்கே வியப்பு. ஆறாம் கிழமைத் தண்டிலும் பதினாலாம் கிழமைத் தண்டிலும் லிக்னின் ஏறக்குறைய ஒரே அளவு. தண்டை வாழைச்சீவல்போல மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டு மருந்து விட்டால் லிக்னின் இருக்கும் இடம் சிவக்கும். அதையும் செய்து எனக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினார். முற்றல் முழுக்கச் சிவப்பு. இளசில் ஒரு மெல்லிய வளையம், வகிட்டில் தொட்டுவைத்த குங்குமம்போல ஓர் ஓரத்தில் மட்டும்.

"கண்ணுக்கு ஒண்ணு தெரியுது. தராசுக்கு ஒண்ணு தெரியுது," என்றார்.

"எதை நம்புறது?"

"தராசு ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்லுதுங்க. நாலாவது தசமம் வரைக்கும். இப்படி ஒத்து வந்ததே இல்ல."

அனுப்பினோம். எத்தனை கிழமையானாலும் முற்றலில் பெரிய வித்தியாசமில்லை, பதினாலு கிழமை வளரவிட்டு ஒரேயடியாக வெட்டலாம் என்று அதற்குப் பொருள். மேலிடத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒருமுறை வெட்டு, நிறையப் புல். திட்டம் நீளும் என்று பெரியவரே தொலைபேசியில் சொன்னார்.

இரண்டு கிழமையில் உலை திருந்தி வந்தது. எடுத்துவைத்திருந்த கறுப்புத் தூள்களை, யாரும் கேட்காமலே, அவர் எரித்துப் பார்த்தார். பின்னேரம் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை. சன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது.

"ஆறாம் கிழமை," என்றார். "லிக்னின் இல்லீங்க இது. மணல்."

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கிளப்பும் மணல், இளம் தண்டைச் சுற்றி இறுக்கமாக இருக்கிற மடலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. கழுவினாலும் போகாது. முற்றின தண்டில் மடல் காய்ந்து கழன்று மணலோடு விழுந்துவிடும். அமிலத்தில் மணலும் கரையாது. வேறு ஊர்ப் புல்லுக்கு எழுதிய புத்தகத்தில் மன்னார் மணலுக்கு இலக்கம் இல்லை. நாலாவது தசமம் வரை ஒத்து நின்றது, ஈரம் குடிக்காத, எந்தக் காலத்திலும் நிறை மாறாத கடற்கரை.

அன்றே திருத்தக் கடிதத்தை எழுதிக் கொண்டுவந்தார். கந்தோர் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் என் கையில். வாங்கிப் படித்தேன்.

"மிஸ், ஒரு மாதம் பொறுப்பம். ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். அதுக்குப் பிறகு அனுப்பலாம்."

"மாட்டுக்காரங்க அதுக்குள்ள வளர விட்டுருவாங்க. இன்னைக்கே அனுப்புங்க."

நான் அனுப்பவில்லை. அவருடைய வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது அந்த அரைமணி நேரங்களை. கடிதம் மேசை லாச்சிக்குள், பழைய விடுமுறைப் படிவங்களுக்கு அடியில் போய்ப் படுத்தது.

அடுத்த நாள் காலை வந்து கேட்டார்: "அனுப்பிட்டீங்களா?"

"ஓம் மிஸ், அனுப்பீட்டன்."

போய்விட்டார். பின்னேரம், கிண்ணம் எதுவும் ஆறாத நேரத்தில், வாசலில் வந்து நின்று மறுபடியும் கேட்டார்: "அந்தக் கடிதம் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பீட்டன், மிஸ்."

முகம் தெளிந்துவிட்டது. பதில் ஒத்துவந்துவிட்டதல்லவா. கடிதத்துக்குப் பதில் ஏன் வரவில்லை என்று இடையில் கேட்டபோது, மேலிடம் மெதுவாகத்தான் பார்க்கும் என்றேன். அதை நம்ப இந்த நாட்டில் யாருக்கும் இரண்டாம் தடவை தேவைப்படுவதில்லை. ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்தானது. நிரந்தரமாக்கவும் அவருடைய பேர் மேலே அனுப்பப்பட்டது. கடிதத்தை அப்போதாவது எடுத்திருக்கலாம். திகதி காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன். பதினாலு கிழமை விடச் சொல்லி மேலிடம் அச்சடித்த ஆலோசனைத் தாள்கள் கட்டாக வந்தன; மாட்டுக்காரர் கைக்குப் போகாதபடி அவற்றை என் அலுமாரியில் பூட்டினேன். ஆனால் அரிப்பு என்கிற ஊரில் மாடு வளர்க்கிற பெண்கள் சங்கத்துக்கு மேலிடமே நேரில் அனுப்பியிருந்தது. அது எனக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து அந்தச் சங்கத்தின் தலைவி பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஓர் உரப்பை. அதை என் மேசையில் கவிழ்த்தார். சப்பித் துப்பிய தண்டுத் துண்டுகள்.

"ஐயா, உங்கட புல்லை மாடு தின்னேல்லை. சூப்பிப்போட்டுத் துப்புது, கரும்பு திண்ட பிள்ளையள் மாதிரி. பதினாலு கிழமை விடச் சொன்னியள், விட்டம். பதினேழு வீட்டுக்காரர் விட்டம். இப்ப கோடை. வேறை தீனி எங்களிட்டை இல்லை."

சத்தம் கேட்டு மிஸ் வந்தார். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"திருத்தின தாள் வரலையா அம்மா உங்களுக்கு?"

"மாதாவாணை, ஒரு தாள்தான் வந்தது, மிஸ். உதுதான்."

மிஸ் அந்தத் தாளைப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அனுப்பினீங்களா?"

"இல்லை," என்றேன்.

அதை அவர் மறுபடி கேட்கவில்லை.

தலைவிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். எங்கள் தோட்டத்தில் நின்ற இளம் புல் முழுவதையும் வெட்டி, லொறி பிடித்து, அன்றே அரிப்புக்கு அனுப்பினார். அவருடைய அடுத்த ஆய்வுக்கு வைத்திருந்த வரிசைகள் அவை. பின்னேரம் புதிய கடிதம் ஒன்றைக் கையால் எழுதிக் கொண்டுவந்து, தட்டச்சு செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றார். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அட்டவணையின் முதல் வரி பிழை. சாம்பலை நிறுக்காமல் புத்தகத்தில் எடுத்தது நான். திருத்தம் தாமதமானதற்கும் நானே பொறுப்பு.

என் விரல் அந்த இடத்தில் நின்றது.

"இந்த வரியை எடுத்துவிடுவம், மிஸ். அது நான் செய்த வேலை."

"அடிங்க."

"மிஸ், நான் எழுதித் தாறன், என்ரை பேரிலை..."

"தபால் கந்தோர் நூறு யார் தூரம். நானே போய்ப் பதிவுத் துண்டப் பாத்திருக்கலாம். வாயில சொன்னத எடுத்துக்கிட்டேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். "அடிங்க, நேரமாகுது."

அடித்தேன். மின்னஞ்சல் போகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குத் தானே நடந்தார்.

மேலிடம் மிக மரியாதையாகப் பதில் எழுதியது. நிரந்தரமாக்கும் யோசனை தற்போதைக்கு இல்லை. மிச்சமிருந்த மாதங்களில் அவர் புதிதாக நட்டு, மடலைப் பிரித்துக் கழுவி, எரித்து, நிறுத்து, அட்டவணையைத் திரும்பவும் செய்தார். ஏழு கிழமையில் வெட்டவேண்டும் என்று வந்தது. கிண்ணம் ஆறுகிற நேரத்தில் அவர் தன் அறையிலேயே இருந்தார். மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லித் தகவல் மட்டும் காவலாளி மூலம் வரும். நான் நிற்பாட்டுவேன். நகைச்சுவையாக எழுதக்கூடியவன் என்று பத்திரிகைகளில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த ஏழெட்டு மாதத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு வசனத்தை என்னால் அமைக்க முடியவில்லை. அவர் போன அன்று நான் சுகயீன விடுமுறை எடுத்திருந்தேன். சுகமாகத்தான் இருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், வேறொரு அலுவலாக அரிப்புக்குப் போனேன். சங்கத் தலைவி அடையாளம் கண்டு கூப்பிட்டு இருத்தினார். வீட்டுக்குப் பின்னால் புல் பச்சையாக, இடுப்பளவில் நின்றது.

"இப்பவும் ஏழாம் கிழமைதான் வெட்டுறனாங்கள். மிஸ் வருசா வருசம் வந்து பாக்கிறவ."

"ஆர், எங்கட மிஸ்ஸோ?"

"வேறை ஆர்? பள்ளிக்கூடமொண்டிலை படிப்பிக்கிறவ எண்டு சொன்னவ. ஆவணி லீவுக்கு வாறவ. ரெண்டு நாள் எங்களோடைதான் நிப்பா. மன்னார் பஸ் நிலையத்திலை இறங்கித்தான் இஞ்சாலை வாற சிலாவத்துறை பஸ் எடுக்கிறவ. உங்களிட்டை வாறேல்லையோ?"

மன்னார் பஸ் நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் எட்டு நிமிட நடை.

"வேலையா இருப்பா," என்றேன்.

இந்த ஆவணியில் பஸ் நிலையத்துக்குப் போனேன். மூன்று நாள் போனேன். முதல் இரண்டு நாளும் அங்கே இருந்த தேத்தண்ணீர்க் கடைக்காரர் எனக்கு வீட்டில் பிரச்சினையோ என்று விசாரித்தார். மூன்றாம் நாள் காலை சிலாவத்துறை பஸ்ஸில், சன்னலோரம், அவர் இருந்தார். முடி வெள்ளை. மடியில் ஒரு துணிப் பை. பக்கத்து இருக்கை காலி. நான் இருபது யார் தூரம் தள்ளி, என்ன சொல்வதென்று ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன். முதல் வசனம் சரியாக வந்திருந்தது. இரண்டாம் வசனத்தில் நின்றபோது பஸ் புறப்பட்டது.

கையைத் தூக்கினேன். வேறொன்றுமில்லை, ஆளைக் கண்டால் கை தூக்குகிற மாதிரித்தான். அவர் பார்த்தார். ஒருகாலத்தில் ஒரே கந்தோரில் வேலை செய்த ஒருவருக்குத் தலையை அசைக்கிற அளவு, அளந்து, தலையை அசைத்தார்.

கண்டக்டர் மணியை அடித்துவிட்டான். பஸ் குலுங்கி நின்றது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "ஓடிவாங்கோ ஐயா, இடம் இருக்கு," என்றான்.

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கவும் இல்லை, எனக்கு இடம் விடுவதுபோல மடியோடு இழுத்துக்கொள்ளவும் இல்லை. முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைத் தம்பி. நான் வரேல்லை."

"அப்ப ஏன் ஐயா கை காட்டினியள்?"

கேள்வி நியாயமானது. அவனிடம் நேரமில்லை. மறுபடி மணியை அடித்தான். பஸ் பாலத்துப் பக்கம் திரும்பியது. தேத்தண்ணீர்க் கடைக்காரர் கேட்காமலே ஒரு கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.